பல பேட்டர்ன்களைச் சேர்த்துத் தைத்த உடை சரியாக உட்காரவில்லையா? குறையைப் பார்த்துத் திருத்தும் வழி

ஒரு பேட்டர்னிலிருந்து (துணியை வெட்டுவதற்கான அளவுத் தாள்) மேல்பாகம், இன்னொன்றிலிருந்து கை, மூன்றாவதிலிருந்து வட்டமாக வெட்டும் அம்பர்லா பாவாடை என்று சேர்த்துத் தைக்கும் கவுனில் குறை வந்தால், அது அநேகமாக இரண்டு தாள்கள் சந்திக்கும் இடத்தில்தான் வரும். இடுப்பு, கைக்குழி, தோள், கழுத்து, இந்த நான்கு இடங்களில் ஒன்று. துணியையும் மெஷினையும் சந்தேகிக்கும் முன் அங்கே டேப்பை வைத்துப் பாருங்கள்.

கீழே ஒவ்வொரு குறைக்கும் முதலில் செலவில்லாத காரணம், கடைசியில் புதுத் துணி வெட்ட வேண்டிய காரணம் என்ற வரிசையில் எழுதியிருக்கிறது. உங்கள் உடையில் தெரிகிற குறையின் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் பார்த்துவிடுங்கள்.

## எந்தக் குறையானாலும், தையல் பிரிக்கும் முன்

தையலுக்கு விட்ட துணி. சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ், பட்டரிக், வோக் போன்ற அமெரிக்க பேட்டர்ன்களில் 5/8 இன்ச், அதாவது 1.5 செ.மீ., தாளிலேயே சேர்ந்திருக்கும். புர்தா (Burda) என்ற ஜெர்மன் தையல் இதழோடு வரும் தாளில் அது சேர்ந்திருக்காது, நாம்தான் விட்டு வெட்ட வேண்டும். நம் ஊர் கட்டிங் வகுப்பில் வரைந்த தாளில் பக்கத்துக்கு ஒரு இன்ச், கழுத்துக்குக் கால் இன்ச், தோளுக்கு அரை இன்ச் என்று இடத்துக்கு ஒன்றாக இருக்கும். இவற்றைக் கலந்து விளிம்போடு விளிம்பு வைத்துத் தைத்தால், பக்கத் தையலின் நான்கு விளிம்புகளில் மட்டும் 2½ இன்ச் கூடும் அல்லது குறையும். ஆகவே எல்லாத் தாளிலும் பென்சிலால் தையல் கோட்டை வரைந்துகொண்டு, அந்தக் கோட்டின் மேல்தான் அளக்க வேண்டும். வெட்டிய விளிம்பின் அளவு எதற்கும் உதவாது.

பிரிண்ட் எடுத்த அளவு. கணினிக் கோப்பாக வாங்கிய பேட்டர்னை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்திருந்தால், அதில் சோதனைச் சதுரம் ஒன்று இருக்கும். அதை ஸ்கேலால் அளங்கள். "பக்கத்துக்குள் அடக்கு" என்ற அமைப்பில் அடித்துவிட்டால் தாள் முழுவதும் சுருங்கும். 97 சதவீதத்தில் அடித்தால் 36 இன்ச் மார்பு 35 ஆகிவிடும். கை மட்டும் அப்படி வந்திருந்தால் எந்த வித்தைக்கும் அது கைக்குழியில் உட்காராது. 100 சதவீதத்தில் மறுபடி அடிப்பதுதான் வழி. ஒட்டும் வேலை வேண்டாமென்றால் கட்டட பிளான் அடித்துத் தரும் பிரிண்ட் கடையில் பெரிய தாளாகவே எடுக்கலாம்.

இழுபடும் துணிக்கான பேட்டர்னா? டி-ஷர்ட் வகைத் துணிக்கு வரைந்த மேல்பாகம் உடம்பு அளவுக்கே, சிலது அதைவிடச் சிறிதாகவே இருக்கும். காட்டன், பட்டு போன்ற நெய்த துணிக்கு மார்பில் 2 முதல் 4 இன்ச் தளர்வு வேண்டும். தாளில் தையல் கோட்டுக்குள் மார்புச் சுற்றை அளந்து, உங்கள் அளவைக் கழித்துப் பாருங்கள். மீதி ஒரு இன்ச்சுக்கும் குறைவு என்றால் அந்த மேல்பாகத்தை நெய்த துணியில் திருத்த முயல்வது வீண், வேறு மேல்பாகம் எடுங்கள். தலையே நுழையவில்லை என்ற குறைக்கும் இதே காரணம் உண்டு. ஜிப்போ பட்டியோ இல்லாத கழுத்து, பெரியவர்களுக்குச் சுற்றளவு குறைந்தது 23 இன்ச்சாவது இருக்க வேண்டும்.

## குறை: இடுப்பில் மேல்பாகமும் பாவாடையும் அளவு சேரவில்லை

இரண்டையும் தையல் கோட்டில், டாட்டும் (உடம்பு வளைவுக்காகத் துணியைக் கூராக மடித்துத் தைப்பது) மடிப்பும் பிடித்தபின் அளங்கள். முன்பக்கம் தனியே, பின்பக்கம் தனியே. மொத்தம் சரியாக இருந்தாலும் முன்னால் ஒரு இன்ச் கூடி, பின்னால் ஒரு இன்ச் குறைந்திருக்கலாம். அப்படி இருந்தால் பக்கத் தையல் இடுப்பில் உடைந்த கோடாகத் தெரியும்.

மேல்பாகம் உடம்பில் நன்றாக உட்கார்ந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். மாற்ற வேண்டியது பாவாடையைத்தான்.

### பாவாடை பெரிதாக இருக்கிறது

முதலில் பாவாடையின் இடுப்பு விளிம்பை அதன் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். தாளைவிடத் துணி நீண்டிருந்தால், வெட்டும்போதோ கையாளும்போதோ வளைவு இழுபட்டிருக்கிறது. அம்பர்லாவில் இது மிகச் சாதாரணம், ஏனென்றால் இடுப்பு வளைவில் பாதி கிராஸில்தான் (நூலுக்குச் சாய்வாக, துணி இழுபடும் திசையில்) விழுகிறது. நீராவி இஸ்திரியை மேலே பிடித்து, விரலால் துணியைத் தாளின் அளவுக்கு ஒதுக்கி, ஆறியதும் விளிம்பிலிருந்து கால் இன்ச் உள்ளே ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். அதற்குப்பின் நீளாது. இந்தத் தையலை வெட்டிய உடனேயே போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

தாளும் துணியும் ஒன்றாகவே இருந்தால் கணக்கைப் பாருங்கள். இடுப்பு 30 இன்ச் என்றால் முழு வட்டத்துக்கு 30-ஐ 6.28-ஆல் வகுத்து 4¾ இன்ச் ஆரம். இது தையல் கோட்டின் ஆரம். வெட்ட வேண்டியது அரை இன்ச் உள்ளே, 4¼ இன்ச்சில். 4¾-லேயே வெட்டி, அரை இன்ச் கீழே தைத்தால் தையல் கோடு 5¼ ஆகி இடுப்பு 33 ஆகிவிடும். மூன்று இன்ச் அதிகமாக வரும் பாவாடைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன.

எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைப் பொறுத்துத் திருத்தம்:

- ஒரு இன்ச் வரை: பாவாடை விளிம்பில் பெரிய தையலாக இரண்டு வரிசை ஓட்டி, நூலை மெதுவாக இழுத்து ஒதுக்கிவிடலாம், அதாவது கூடுதல் துணியை மடிப்பு விழாமல் பரவலாகச் சேர்த்துவிடலாம். காட்டனில் தெரியவே தெரியாது.
- ஒன்று முதல் இரண்டரை வரை: பக்கத் தையலில் இருபுறமும் பிரித்து எடுத்து, 7 அல்லது 8 இன்ச் கீழே போகும்போது பழைய தையலோடு சேர்த்துவிடுங்கள். இடுப்பு எலும்புக்குக் கீழே குறைத்தால் உட்காரும்போது இழுக்கும்.
- அதற்கு மேல்: குறைக்கப் பார்க்காதீர்கள். பிரின்சஸ் கோடுகளுக்கு (மேலிருந்து மார்பு வழியாக இடுப்புக்கு இறங்கும் தையல்கள்) நேராக முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு மடிப்பாக மாற்றிவிடுங்கள். திருத்தம் மாதிரியே தெரியாது, டிசைனாகத் தெரியும்.

### பாவாடை சிறிதாக இருக்கிறது

அம்பர்லா என்றால் இதுதான் எல்லாக் குறையிலும் எளிது. முழு வட்டத்தில் இடுப்பு வளைவைக் கால் இன்ச் ஆழமாக வெட்டினால் சுற்றளவு ஒன்றரை இன்ச் கூடும். அரை வட்டத்தில் முக்கால் இன்ச் கூடும். நீளத்தில் போவது கால் இன்ச் மட்டுமே. ஒரே மூச்சில் வெட்டாமல் கால் கால் இன்ச்சாக வெட்டி அளந்து போங்கள், மீட்க முடியாத வெட்டு இது.

ஏ-லைன், நேர்ப் பாவாடை என்றால் வரிசை இது: டாட்டைக் குறைத்தல், பக்கத்தில் விட்ட துணியை எடுத்தல், இரண்டும் போதாவிட்டால் பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை நீளப் பட்டை இணைத்தல். பட்டையை லைனிங் நிறத்திலோ கரைத் துணியிலோ வைத்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். பாவாடைக்கும் மேல்பாகத்துக்கும் நடுவே இடுப்புப் பட்டை கொடுப்பதால் நீளக் குறைதான் தீரும், சுற்றளவுக் குறை தீராது.

### அளவு சரி, ஆனால் மேல் டாட்டும் கீழ் டாட்டும் நேராக விழவில்லை

பாவாடை டாட்டை நகர்த்துங்கள். மேல் டாட்டின் இடம் மார்பு முனையைப் பொறுத்தது, அதை நகர்த்தினால் வேறு சிக்கல் வரும். இடுப்புத் தையலில் டாட்டுக்கு இருபுறமும் மூன்று இன்ச் மட்டும் பிரித்தால் போதும், முழுவதையும் பிரிக்க வேண்டாம். கால் இன்ச்சுக்குக் குறைவான விலகலை, உடை இருண்ட நிறமாக இருந்தால், விட்டுவிடலாம். வெளிர் நிறத்திலும் கட்டம் போட்ட துணியிலும் அது பளிச்சென்று தெரியும்.

## குறை: கை கைக்குழியில் உட்காரவில்லை

பேட்டர்ன்களைச் சேர்ப்பதில் அதிகத் துணி வீணாவது இங்கேதான். கையை மட்டும் வேறு பேட்டர்னிலிருந்து எடுப்பதுதான் வேர். கை பிடித்திருந்தால் அதற்குரிய கைக்குழியையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதாவது அந்தப் பேட்டர்னின் மேல்பாகத் தாளை உங்கள் மேல்பாகத் தாளின் மேல் தோள் முனையும் நடுக்கோடும் பொருந்த வைத்து, அதன் கைக்குழி வளைவையும் பக்கத் தையலின் மேல் இரண்டு மூன்று இன்ச்சையும் நகல் எடுக்க வேண்டும். இன்னும் வெட்டவில்லை என்றால் இதைச் செய்யுங்கள், கீழே உள்ள எதுவும் தேவைப்படாது.

வெட்டியாயிற்று என்றால்: டேப்பைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, தையல் கோட்டின் வளைவோடு ஓட்டி அளங்கள். கைக்குழியில் தோள் முதல் அக்குள் வரை முன்பக்கம், பின்பக்கம் தனித்தனியாக. கையிலும் மேல் புள்ளியிலிருந்து அதே மாதிரி. நான்கு எண்களையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

### கை பெரிது, தைத்தால் தோளில் சுருக்கம் விழுகிறது

கை கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். கைத்தறி காட்டன், மல் போன்ற மெத்தென்ற துணியில் மொத்தம் ஒரு இன்ச் வரை ஒதுங்கும். பாப்ளின், டஃபேட்டா, விறைப்பான ஆர்ட் சில்க் அரை இன்ச்சுக்கு மேல் ஏற்காது. எனவே ஒரே தாளில் வெட்டிய கை காட்டனில் அழகாகவும் டஃபேட்டாவில் சுருங்கியும் வருவது இயல்புதான்.

வித்தியாசம் இந்த வரம்புக்குள் இருந்தும் சுருக்கம் விழுகிறதென்றால், ஒதுக்கிய இடம் தவறு. ஒதுக்கம் முழுவதும் தோளுக்கு இருபுறமும் மூன்று மூன்று இன்ச்சுக்குள் இருக்க வேண்டும், அக்குளை ஒட்டிய கீழ்ப்பாதியில் ஒதுக்கமே கூடாது. பெரிய தையலில் இரண்டு வரிசை, ஒன்று தையல் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே ஓட்டி இழுத்து, குண்டூசியால் நெருக்கமாகக் குத்தி, கைப்பக்கம் மேலே தெரிய மெஷினில் தைத்துப் பாருங்கள்.

வரம்பைவிட அரை முதல் முக்கால் இன்ச் கூடியிருந்தால், கையின் அக்குள் தையலை ஒவ்வொரு விளிம்பிலும் கால் இன்ச் உள்ளே தள்ளுங்கள். அரை இன்ச் போய்விடும். ஆனால் மேல்கைச் சுற்றும் அதே அரை இன்ச் குறையும். புஜத்தின் சுற்றளவைவிட ஒன்றரை இன்ச்சாவது கூடுதல் மிஞ்ச வேண்டும். சென்னை வியர்வைக்கு இரண்டு இன்ச் விட்டால் இன்னும் நல்லது, ஒட்டிக்கொள்ளும் கையை மதியத்துக்கு மேல் யாராலும் போட்டுக்கொண்டிருக்க முடியாது. புஜத்தில் குறைக்க இடமில்லையென்றால் கையின் உச்சி வளைவைக் கால் இன்ச் தாழ்த்தி வரையலாம்.

அதற்கும் மேல் கூடியிருந்தால் உச்சியில் நான்கைந்து சிறு மடிப்புகள் வைத்து மாற்றுங்கள், அல்லது பஃப்பாக்கிவிடுங்கள்.

### கை சிறிது, அக்குளுக்கு வந்து சேரவில்லை

முதலில் பார்க்க வேண்டியது சைஸ் கோடு. பல சைஸ் ஒன்றாக அச்சிட்ட தாளில் மேல்பாகத்தை ஒரு கோட்டிலும் கையை அடுத்த கோட்டிலும் வெட்டிவிடுவது எளிது, புள்ளிக்கோடுகள் வளைவில் ஒன்றோடொன்று நெருங்கிவிடும்.

அரை இன்ச் குறை என்றால் கையின் பக்கத்தில் விட்ட துணியை எடுத்துக்கொள்ளலாம். மேல்பாகம் தளர்வாக இருந்தால், அதன் பக்கத் தையலை அக்குளில் கால் இன்ச் உள்ளே எடுத்தாலும் கைக்குழி சுருங்கும். ஒரு இன்ச் குறை என்றால் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். அதற்கு மேல் இழுத்துத் தைத்தால் மார்பிலிருந்து அக்குளுக்குக் கோடு கோடாக இழுப்பு விழும். புதுக் கை வெட்டுவதுதான் சரி. துணி வாங்கும்போதே அரை மீட்டர் கூடுதலாக எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆடித் தள்ளுபடியில் சென்னை ரங்கநாதன் தெருவிலோ, கட் பீஸாகக் கோடவுன் தெருவிலோ வாங்கிய துணிக்கு இது இன்னும் முக்கியம். திரும்பிப் போனால் அதே ரோல் இருக்காது, இருந்தாலும் சாயம் அச்சாக அதே நிறத்தில் இருக்காது.

### கையைத் தூக்கினால் உடை முழுவதும் மேலே ஏறுகிறது

பலர் கைக்குழியை இன்னும் கீழே வெட்டுகிறார்கள். அது குறையைக் கூட்டும். கைக்குழி எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு தூரம் கை பக்கத்தோடு கட்டப்படுகிறது. சேலை பிளவுஸ் இவ்வளவு இறுக்கமாக இருந்தும் கை தூக்க முடிவதற்குக் காரணம், அதன் கைக்குழி அக்குளுக்கு ஒட்டி மேலே இருப்பதுதான்.

சோதனை: கையைக் கீழே தொங்கவிட்டு, அக்குளுக்கும் கைக்குழி அடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். கை வைத்த உடையில் அரை முதல் முக்கால் இன்ச் போதும்.

- இடைவெளி சரி, ஆனாலும் ஏறுகிறது: கையின் மேல் வளைவு உயரம் அதிகம், புஜம் குறுகல். கோட் வகைக் கையைச் சாதாரண கவுனில் வைத்தால் இப்படி வரும். வளைவு தாழ்ந்த, புஜம் அகன்ற கையாக மாற்ற வேண்டும்.
- இடைவெளி ஒன்றரை, இரண்டு இன்ச்: கைக்குழி தாழ்ந்துவிட்டது. பக்கத் தையலும் கைத் தையலும் சந்திக்கும் இடத்தில் மூன்று இன்ச் பக்கமுள்ள சதுரத் துண்டை, முனை கீழே பார்க்கும்படி, கிராஸில் வெட்டி இணைக்கலாம். அக்குள் மறைவில் தெரியாது. லைனிங்கும் இருந்தால் அதிலும் அதே துண்டு வேண்டும்.

### கை முறுக்கிக்கொண்டு நிற்கிறது

வலது கை இடதில் போயிருக்கிறதா பாருங்கள். அச்சுப் பேட்டர்னில் ஒற்றை வெட்டுக்குறி முன்பக்கம், இரட்டை பின்பக்கம். குறி இல்லாத நம் ஊர் தாளில் அதிகம் குடைந்த வளைவு முன்பக்கம். சரியாகத்தான் இருக்கிறது என்றால், மேல் புள்ளியை அரை இன்ச் முன்னால் நகர்த்திக் குத்திப் பாருங்கள். தோள் முன்னால் சாய்ந்த உடம்புக்கு இது போதும். அப்போது அக்குள் தையல்கள் இரண்டும் ஒன்றாகச் சேராது, சேராவிட்டால் ஒன்றுமில்லை.

## குறை: கழுத்து வாய் பிளக்கிறது, தோள் நழுவுகிறது

முன்பக்கம் ஒரு தாள், பின்பக்கம் இன்னொரு தாள் என்று எடுத்த உடையில் முதலில் தோளைப் பாருங்கள். நடுக்கோட்டிலிருந்து தோள் வரை கழுத்து அகலம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் கால் இன்ச் வரை கூடலாம். முன்பக்கம் கூடினால் வாய் பிளக்கும். பின் தோள் தையல் முன்னதைவிடக் கால் இன்ச் நீளமாக இருந்தால் வெட்டிவிடாதீர்கள், அது தோள்பட்டை உருண்டைக்காக வைத்தது. ஒதுக்கித் தைக்க வேண்டும்.

முன் கழுத்தும் ஆழம், பின் கழுத்தும் ஆழம், அகலமும் அதிகம் என்று மூன்றும் சேர்ந்தால் எந்தத் தோளும் நிற்காது. பின்னால் எட்டு, ஒன்பது இன்ச் இறக்க ஆசைப்பட்டால் தோள் அருகே அகலத்தைக் குறையுங்கள். ஏற்கெனவே வெட்டியிருந்தால், மேலே பின்னால் ஒரு நாடா கட்டுவதுதான் குறைந்த செலவுத் தீர்வு. நம் ஊர் பிளவுஸில் அது அலங்காரத்துக்கு மட்டும் வைத்ததில்லை.

தோள் சரியாக இருந்தும் முன் கழுத்து பிளக்கிறதென்றால், பிளந்த இடத்தைக் கிள்ளி குண்டூசி குத்தி அளங்கள்.

- கால் இன்ச் வரை: கழுத்துக்கு வைக்கும் கிராஸ் பீஸைக் கொஞ்சம் குறைவாக வெட்டி, லேசாக இழுத்துத் தையுங்கள். 20 இன்ச் கழுத்துக்கு 19 இன்ச். இழுப்பு முழுவதும் வளைவில்தான் இருக்க வேண்டும், நேர்ப் பகுதியில் கூடாது.
- கால் முதல் அரை இன்ச்: தோள் தையலின் கழுத்துப் பக்க முனையில் எடுத்து, கை முனைக்குப் போகும்போது பழைய தையலோடு சேருங்கள். பிரின்சஸ் கட் கழுத்திலோ தோளிலோ தொடங்கினால் அதிலேயே எடுப்பது இன்னும் சுத்தம்.
- அரை இன்ச்சுக்கு மேல்: தாளில்தான் தீரும். கிள்ளிய அளவைக் கழுத்திலிருந்து மார்பு முனை வரை தாளில் மடித்து, பக்க டாட்டைக் கத்தரித்து அகலமாகத் திறக்க விடுங்கள். பிறகு முன் மேல்பாகத்தைப் புதிதாக வெட்ட வேண்டும்.

காலர் சேராத குறையும் இதே குடும்பம்தான். காலரை வெட்டி ஒட்டுப்போடுவதைவிட, கழுத்தைத் தையல் கோட்டில் அளந்து, காலர் தாளைப் பின் நடுக்கோட்டில் கூட்டியோ குறைத்தோ மறுபடி வெட்டுங்கள். சின்னத் துண்டு, துணிச் செலவு குறைவு.

## குறை: இடுப்புத் தையல் இடுப்பில் நிற்கவில்லை

இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் போட்டோ எடுத்துப் பாருங்கள். நாடாவோடு தையல் எங்கே விலகுகிறது என்று தெரியும்.

*பின்னால் இடுப்புக்கு மேலே குறுக்கு மடிப்பு விழுகிறது.* பின் நீளம் அதிகம். வெளிநாட்டுப் பேட்டர்ன்கள் ஏறக்குறைய ஐந்தடி ஐந்து, ஆறு இன்ச் உயரத்துக்கு வரைந்தவை. ஐந்தடி உயரமுள்ளவர் தாளை அப்படியே வெட்டினால் இது நிச்சயம். மடிப்பைக் கிள்ளி அளந்து, அந்த அளவை இடுப்புத் தையலில் பின் நடுவில் எடுத்து, பக்கத்துக்கு வரும்போது இல்லாமல் செய்யுங்கள். ஜிப் நடுவில் இருந்தால் அதையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

*முன்னால் மட்டும் தையல் மேலேறுகிறது.* மார்புக்கு நீளம் போதவில்லை. அச்சுப் பேட்டர்ன்களில் பெரும்பாலானவை பி கப் அளவுக்கு வரைந்தவை. இதோடு மார்பில் குறுக்கு இழுப்புக் கோடும், பக்கத் தையல் முன்னால் இழுபடுவதும் தெரிந்தால் காரணம் உறுதி. ஒரு இன்ச் வரை, விட்ட துணி இருந்தால் கீழே இறக்கலாம். இல்லையேல் முன் மேல்பாகம் புதிது. வெட்டியபின் மார்பில் துணி சேர்க்க வழியில்லை.

*சுற்றிலும் ஒரே அளவில் ஏறியிருக்கிறது.* இடுப்பில் முடியும் மேல்பாகத்தோடு, பட்டை வைத்து அணியும் பாவாடையைப் பட்டையில்லாமல் சேர்த்திருப்பீர்கள். பட்டையின் அகலம்தான் அந்தக் குறை. அதை இடையில் கொடுத்துவிடுங்கள்.

## குறை: ஜிப் அலை அலையாக நிற்கிறது

ஜிப்பைப் பிரித்து, துணி விளிம்பை மட்டும் அளங்கள். ஜிப்பைவிடத் துணி நீண்டிருந்தால் தைக்கும்போது இழுபட்டது. முக்கால் இன்ச் அகல ஒட்டு கேன்வாஸ் பட்டையை இருபுறமும் இஸ்திரி போட்டு ஒட்டி, மறுபடி தையுங்கள். கன்சீல்டு ஜிப்புக்கு (வெளியே பல் தெரியாத ஜிப்) மெஷினில் அதற்குரிய ஃபுட் போடுங்கள், சாதாரண ஃபுட் பல்லை நெருங்காது.

அலை இடுப்புத் தையலில் மட்டும் என்றால் அங்கே துணி தடித்திருக்கிறது. உள்ளே விட்ட துணியைப் படிப்படியாகக் குறைத்து வெட்டுங்கள். இருபக்க இடுப்புத் தையலும் ஏறி இறங்கினால், முதல் பக்கம் தைத்ததும் ஜிப்பை மூடி, மறுபக்க நாடாவில் தையலுக்கு நேராகச் சாக்கால் குறி போட்டுப் பிறகு தைக்க வேண்டும். ஜிப் இடுப்புக்குக் கீழே ஏழு இன்ச்சாவது போகாவிட்டால், போடும்போதும் கழற்றும்போதும் அடி முனை கிழியும்.

## குறை: கீழ் விளிம்பு ஏற்ற இறக்கமாக இருக்கிறது

அம்பர்லாவில் கிராஸ் விழும் இடங்கள் தொங்கித் தொங்கி நீளும். ஓரம் அடிக்கும் முன் காட்டனை ஒரு நாள், ஜார்ஜெட், கிரேப்பை இரண்டு நாள் ஹேங்கரில் தொங்கவிட வேண்டும். பிறகு உடையைப் போட்டு, அணியப்போகும் செருப்போடு நின்று, இன்னொருவர் தரையிலிருந்து ஸ்கேல் வைத்து ஒவ்வொரு மூன்று இன்ச்சுக்கும் குறி போடட்டும். இடுப்பிலிருந்து அளந்தால் சரிவராது.

பக்கத் தையல் காலைச் சுற்றி முன்னே வளைந்து போனால் அது வேறு குறை. நூல் வாட்டம் தவறி வெட்டியிருக்கிறது. தாளின் அம்புக்குறி துணியின் கரைக்கு இணையாக இருந்ததா என்று மேலே ஒரு இடத்திலும் கீழே ஒரு இடத்திலும் அளந்து பாருங்கள். இதற்குத் தையலில் திருத்தம் கிடையாது.

## குறை: ஒரு துவையலுக்குப் பின் உடை உப்பிக்கொண்டது, அல்லது சுருங்கிவிட்டது

மேலே பாலியஸ்டர் ஜார்ஜெட், உள்ளே துவைக்காத காட்டன் லைனிங் என்றால், லைனிங் சுருங்கி மேல் துணி பை மாதிரி தொங்கும். காட்டன் மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்கக்கூடும். லைனிங்கை ஒரு இரவு நீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு வெட்டுவது ஒன்றே தடுப்பு. சுருங்கியபின், பாவாடையில் லைனிங்கை இடுப்பில் பிரித்துத் தனியாகத் தொங்கவிடலாம். மேல்பாகத்தில் லைனிங் மாற்ற வேண்டும். வியர்வைக்குப் பயந்து சிந்தெடிக் லைனிங்குக்கு மாறாதீர்கள், அது முதுகோடு ஒட்டும்.

துவைக்கும் முன்பே லைனிங் இழுத்தால், மேல் துணியில் செய்த திருத்தத்தை லைனிங்கில் செய்யாமல் விட்டிருப்பீர்கள். கழுத்தைக் கால் இன்ச் மாற்றினாலும் இரண்டு தாளிலும் மாற்ற வேண்டும்.

## டெய்லரிடம் எப்போது போக வேண்டும்

ஒரே தையலை இரண்டு முறைக்கு மேல் பிரித்தால் துணியில் ஊசித் துளைகள் நிலைத்துவிடும். பட்டு, டிஷ்யூ, ஆர்கன்சா என்றால் ஒரே முறைதான். அந்த எல்லைக்கு முன்னால் நிறுத்துங்கள்.

பழைய பட்டுப் புடவையை வெட்டிய கவுன், ஜரிகையோ மணி வேலையோ தையல் கோட்டில் வருகிற துணி, வெல்வெட், உள்ளே விறைப்புக்காக எலும்புப் பட்டை வைத்த மேல்பாகம் ஆகியவற்றில் முதல் குறை தெரிந்ததுமே கட்டிங் மாஸ்டரிடம் காட்டிவிடுங்கள். முன் மேல்பாகம் புதிதாக வெட்ட வேண்டிய குறை எதுவானாலும், தாளை மட்டும் அவரிடம் திருத்தி வாங்கி, தையலை நீங்களே செய்யலாம். அதற்குச் செலவும் குறைவு. ஓரம் அடிப்பது, ஜிப் மாற்றுவது, பக்கம் எடுப்பது ஆகியவை தெருமுனை ஆல்டரேஷன் கடைக்காரர் உட்கார்ந்த இடத்தில் முடிப்பார். ஆனால் கைக்குழித் திருத்தத்தை அவரிடம் கொடுக்காதீர்கள். அது வெட்டத் தெரிந்தவர் பார்க்க வேண்டிய வேலை.

போகும்போது உடையை மட்டும் எடுத்துப் போனால் பாதி நேரம் கேள்வியிலேயே போகும். எல்லாப் பேட்டர்ன் தாள்கள், மீந்த துணி (சின்னத் துண்டுகளும்), நீங்கள் எழுதி வைத்த அளவுகள், உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பிளவுஸ் ஒன்று ஆகியவற்றைச் சேர்த்து எடுத்துப் போங்கள். குறையை உடம்பில் போட்டுக் காட்டி, கிள்ளிய குண்டூசிகளை எடுக்காமலேயே கொடுத்துவிடுங்கள். பட்டாக இருந்தால் குண்டூசி துளை விடும், அப்போது மெல்லிய ஊசியால் பெரிய தையலாக நூல் ஓட்டிக் கொண்டுபோங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய மூன்று வாரம் எந்தக் கட்டிங் மாஸ்டரும் திருத்த வேலையை எடுக்கத் தயங்குவார். பண்டிகைக்கான உடையை ஒரு மாதம் முன்பே காடா துணியில் மாதிரி தைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள், திருத்தத்துக்கு அப்போதுதான் அவரிடமும் நேரம் இருக்கும்.